காலையில் தவில், மாலையில் தப்பு

மலேசியாவின் பினாங்கில் அச்சாகும் கோவில் திருவிழா அழைப்பிதழ்களில் ஒரு வரிசை முறை உண்டு. நாதஸ்வர வித்வானின் பெயர் ஊரோடும் பட்டத்தோடும் வரும். அடுத்த வரியில் தவில் வித்வான். அன்னதான உபயம், மாலை உபயம் எல்லாம் முடிந்த பிறகு, கடைசிக்கு முந்திய வரியில் ‘உறுமி மேளம்’ என்று இரண்டே சொற்கள் இருக்கும். வாசிப்பவர்களின் பெயர் இருக்காது. தப்பு என்ற பறையின் பெயர் அழைப்பிதழில் எங்குமே இருக்காது.

என் சின்னத் தாத்தா இந்த நான்கையும் வாசித்தவர். கூடவே பம்பை, உடுக்கை, ஆர்மோனியம். பட்டர்வொர்த் பக்கம் மூத்தவர்களிடம் ‘மேளக்காரத் தாத்தா’ என்று கேட்டால் இன்றும் வீட்டைக் காட்டுவார்கள். எந்த மேளம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கல்யாணத்தில் பார்த்தவர்கள் தவில் என்பார்கள். தைப்பூசத்தில் பார்த்தவர்கள் உறுமி என்பார்கள். சாவு வீட்டில் பார்த்தவர்கள் பதில் சொல்லக் கொஞ்சம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

பல கருவிகள் வாசிக்கும் ஒருவரை மேடையேற்றி, ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கும்போதெல்லாம் கைதட்டுவது இப்போதைய வழக்கம். தாத்தாவுக்கு அப்படி ஒரு மேடை கிடைத்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் ஆள் இல்லாத இடத்தை நிரப்பப் போய், ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தவை அவருடைய கருவிகள். ஆனால் நம்மிடையே ஒரு கருவியை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பது அத்தனை எளிதான காரியம் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சாதியின் பெயரை எழுதி வைத்திருக்கிறோம். கப்பலேறி வந்தபோது அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தோம். தாத்தா அறுபது ஆண்டுகளாக அந்த எழுத்தை மதிக்காமல் வாசித்தார். அவருடைய இசையில் நான் மிகப் பெரியதாக நினைப்பது இதைத்தான்.

செபராங் பிறையின் தென்கோடியில், பத்து கவானுக்கும் நிபோங் திபாலுக்கும் இடையில் இருந்த ஒரு தோட்டத்தில் 1942ஆம் ஆண்டு பிறந்தார். ஜப்பானியர் பினாங்கைப் பிடித்து ஓராண்டுகூட ஆகாத காலம். அடுத்த ஆண்டு அவருடைய தந்தையைச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட அந்தத் தண்டவாளத்துக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. எங்கள் கொள்ளுத் தாத்தாவும் திரும்பவில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுக் கூரைச் சட்டத்தில் அவர் மாட்டிவிட்டுப் போன தப்பு மட்டும் இருந்தது. தப்பு அடிப்பது எங்கள் குடும்பத்தின் தலையில் பல தலைமுறைகளாகக் கட்டப்பட்டிருந்த வேலை. அதை யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்பதைத் தமிழ் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எட்டு, ஒன்பது வயதில் தாத்தா அதைக் கையில் எடுத்தார். வட்டமான மரச்சட்டத்தில் கன்றுத் தோலை இழுத்து, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையால் ஒட்டியிருப்பார்கள். இடது கையில் நீளமான, மெல்லிய சுண்டுக்குச்சி. வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. அடிக்கும் முன்பு தோலுக்கு அனல் காட்ட வேண்டும். இந்தக் காற்றின் ஈரத்தில் தோல் சீக்கிரம் தொய்ந்துபோகும். மழைக்காலத்தில் ஒரு சாவு விழுந்தால் அரை மணிக்கொரு முறை நெருப்பைத் தேடிப் போக வேண்டும். அதனால் காய்ந்த தென்னை ஓலைக் கட்டு ஒன்றைச் சாக்கில் சுற்றி எப்போதும் வீட்டில் வைத்திருப்பார்களாம். அனலில் காட்டிய தோலை விரல் நுனியால் சுண்டிப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம்’ அல்லது ‘போதும்’ என்று முடிவு செய்வதுதான் அவர் கற்ற முதல் இசைப்பாடம். சுருதி என்ற சொல்லை அவர் கேள்விப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

தொலைபேசி இல்லாத தோட்டத்தில் தப்புதான் செய்தி. கடைசி லயத்தில் இருப்பவர்கள் அடியைக் கேட்டே இது திருவிழாவை அறிவிக்கும் சாமிச்சாட்டா, சாவா என்று தெரிந்துகொள்வார்கள். சாவிலும் வீட்டு வாசலில் ஓர் அடி, பாடை எடுக்கும்போது ஓர் அடி, வழியில் ஓர் அடி, இடுகாட்டில் ஓர் அடி. பெண்கள் மாரடித்து அழும் அடி தனி. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அடித்துவிட்டால் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு முழு இலக்கணம் இது. எழுதி வைத்த ஏடு கிடையாது.

உடுக்கையை மதுரை வீரன் கோவில் பூசாரியிடம் கற்றார். இடுப்பு ஒடுங்கிய அந்தச் சிறு கருவியின் கயிறுகளை அழுத்த அழுத்த ஒலி ஏறும், விட விட இறங்கும். அவருடைய கைக்கு அது ஒரு திருவிழாக் காலத்திலேயே வந்துவிட்டது. ஆர்மோனியம் தோட்டத்து நாடகங்களில் வந்து சேர்ந்தது. அந்தப் பெட்டியை அகில இந்திய வானொலி 1940இல் தடை செய்து, 1971 வரை உள்ளே விடாமல் வைத்திருந்தது என்று பிற்காலத்தில் நான் படித்துச் சொன்னபோது அவருக்கு நம்ப முடியவில்லை. ‘இது இல்லாமல் எப்படிப் பாடினார்கள்?’ என்று கேட்டார்.

நாதஸ்வரம் கிடைத்த கதையை மட்டும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதை நிதானமாகவே சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், பக்கத்து ஊர்க் கோவிலுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாதஸ்வரக்காரர் வந்திருந்தார். தவிலுக்கு ஆள் கிடைத்தது. ஒத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒத்து என்பது நாதஸ்வரத்தைப் போலவே நீண்ட குழல்தான். ஆனால் அதில் பாட்டு வராது. வாசிப்பவருக்கு ஆதாரமாக ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூச்சு வாங்கும் இடம் வெளியில் தெரியக்கூடாது: கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் உள்ளிழுக்க வேண்டும். புகழும் கிடையாது, பணமும் அதிகம் கிடையாது. இன்று அந்த வேலையைச் சிறிய மின் சுருதிப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. அந்தக் காலத்தில் ஓர் ஆள் வேண்டும். பால் மரம் வெட்டும் இளைஞர்கள் யாரும் அதற்கு முன்வரவில்லை. தாத்தா போனார்.

அந்த நாதஸ்வரக்காரருக்குத் தாத்தா எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் ஒத்தைக் கையில் கொடுத்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் தாத்தாவைக் கேட்டிருக்கிறேன். கடல் தாண்டி வந்து தனியாகக் கிடந்தவருக்குச் சுருதி விலகாமல் ஊதும் ஒரு பையன் கிடைத்தது போதுமானதாக இருந்திருக்கும் என்பது தாத்தாவின் கருத்து. நான் அதைவிடக் கூடுதலாகவே அவரை மதிக்கிறேன். நாதஸ்வரக்காரர்களும் அவமானம் அறிந்தவர்கள். பெரிய மனிதர்கள் முன்னால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடி வாசிக்க வேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்த்த காலம் ஒன்று இருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டி, கோட்டும் ஷெர்வானியும் அணிந்துகொண்டு அதை உடைத்தார். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்ற அந்த இரவில் டெல்லியில் ஒலித்தது அவருடைய நாதஸ்வரம். கருவிகளில் உச்சியில் வைக்கப்பட்டிருந்ததை வாசித்தவர்களுக்கே அந்த நிலை என்றால், அடியில் வைக்கப்பட்டதை வாசித்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

ஒத்து ஊதிய ஆண்டுகளில் தாத்தா எல்லாவற்றையும் கேட்டே கற்றார். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, அதற்குக் கம்பீர நாட்டை. இரவில் சாமியைப் பள்ளியறைக்குக் கொண்டுபோகும்போது நீலாம்பரி. ராகத்தின் பெயர் தெரிவதற்கு முன்பு அதன் நேரம் தெரிந்துவிட்டது அவருக்கு. பிறகு ஒரு பழைய நாதஸ்வரத்தை அந்த ஆசிரியரே கொடுத்தார். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது. பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக் கட்டிட மரங்களைத் தேடி வாங்கிக் கடைவார்கள், ஈரம் முழுவதும் செத்த மரத்தில்தான் நாதம் நிற்கும் என்று ஆசிரியர் சொன்னாராம். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நான் காட்டியபோது, தாத்தா எழுந்துபோய் அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்து துடைக்க ஆரம்பித்தார். அதன் கழுத்தில் நூலில் தொங்கும், வாயில் வைத்து ஊதும் பழைய சீவாளிகளையும் துளையைச் சரிசெய்யும் ஊசியையும் இன்னும் கழற்றவில்லை. இப்போது அதை ஊத அவருக்குப் பல் இல்லை.

தவிலை அவர் நேரடியாக யாரிடமும் கற்கவில்லை. கோவிலில் கேட்டதைத் தோட்டத்தில் பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு வாசித்துப் பார்ப்பார். பின்னர் விரல்களுக்குக் கூடு செய்யக் கற்றார்: துணி நாடாவைப் பசையில் நனைத்து விரல் நுனியில் சுற்றிச் சுற்றிக் காய வைத்தால் கல்லாக இறுகிவிடும். வலக்கையில் அந்தக் கூடுகள், இடக்கையில் குச்சி. தப்பில் பழகிய கைக்குத் தவிலின் கணக்கு முதலில் அடங்கவில்லை என்பார். அடங்கிய பிறகு, தப்பின் வேகமும் சேர்ந்துகொண்டது. அவருடைய கெட்டிமேளத்தைக் கேட்டவர்கள் அதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். தாலி ஏறும் அந்த நேரத்தில் வேறு எந்தச் சொல்லும் காதில் விழக்கூடாது என்பதற்காக வாசிப்பது கெட்டிமேளம். நாலு தெருவுக்குச் செய்தி சொல்லப் பழகிய கைகளுக்கு அது கடினமா என்ன?

எழுபதுகளில் ஒரு கல்யாணத்தில் நடந்ததை எங்கள் வீட்டில் இன்றும் பேசுவார்கள். காலையில் முகூர்த்தத்துக்குத் தவில் வாசித்தார். மதியம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு. ஆள் வந்து கூப்பிட்டது. போய்த் தப்பு அடித்தார். மாலையில் வரவேற்புக்குத் திரும்பி வந்தபோது பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். பிணத்துக்கு அடித்த கை மணப்பந்தலில் படக்கூடாதாம். தாத்தா வாதம் செய்யவில்லை. ‘காலையில் வாங்கிய கூலியைத் திருப்பித் தரட்டுமா? அப்போதும் இதே கைதான்’ என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்த மாப்பிள்ளைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் தாத்தாவைப் பார்க்க வருவார். ஆனால் எல்லாக் கதைகளும் இப்படி முடியவில்லை. இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று நண்பர்களே சொன்னார்கள். தப்பை விட்டிருந்தால் கோவில்களில் நிரந்தர வேலை கிடைத்திருக்கும். அவர் விடவில்லை. தந்தை மாட்டிவிட்டுப் போனதைத் தானும் மாட்டிவைத்துவிட்டால் பிறகு எடுக்க யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தார்.

எண்பதுகளில் தோட்டம் கைமாறியது. பால் மரங்கள் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தது, பிறகு செம்பனையும் போனது. இரண்டாவது பாலத்தில் ஏறப் போகிறவர்கள் இன்று பத்து கவானில் பார்ப்பது விளையாட்டரங்கத்தையும் மின்னணுத் தொழிற்சாலைகளையும்தான். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை மாரியம்மன் திருவிழாக்கள் நடந்தன என்பதற்கு அங்கே எந்த அடையாளமும் இல்லை. தாத்தா பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார், பகலில் லாரி வேலை. விடுமுறை நாட்களில் தவிலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெரிப் படகு ஏறி ஜார்ஜ்டவுன் போவார்.

உறுமியை முழுமையாகக் கையில் எடுத்தது அந்த ஆண்டுகளில்தான். தோட்டங்கள் கலைந்து நகரத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு, தோட்டத்திலிருந்து எடுத்துவர முடிந்த கருவி அது. இடுப்பு ஒடுங்கி, இரண்டு முகங்களோடு கழுத்தில் தொங்கும். ஒரு முகத்தில் குச்சியால் தட்ட வேண்டும், மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்கும் முகத்துக்குத் தாத்தா விளக்கெண்ணெய் தடவுவார். அந்தத் தேய்ப்பில் எழும் உறுமலை வேறு எந்தத் தோல்கருவியிலும் நான் கேட்டதில்லை. பம்பைக்குச் செயற்கைத் தோல் போட்டபோது ஒப்புக்கொண்டவர், உறுமிக்கு மட்டும் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார்.

தைப்பூசத்தன்று முருகன் கோவில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் அவர் பின்னால் நடந்திருக்கிறேன். 1894இல் காரைக்குடியிலிருந்து வந்த நகரத்தாரின் வெள்ளி ரதம், 2017 முதல் அறநிலைய வாரியத்தின் தங்க ரதம், தேங்காய்க் குவியல்கள், தண்ணீர்ப்பந்தல்கள் ஆகியவற்றை எழுதாத பத்திரிகை இல்லை. மேளக்காரரின் வேலையை யாரும் எழுதுவதில்லை. கன்னத்தில் அலகும் முதுகில் கொக்கிகளும் ஏந்தி நடப்பவரை அடிவாரம் வரை கொண்டுபோய், அங்கிருந்து 513 படிகளில் ஏற்றிவிடுவது மேளம். முகத்தைப் பார்த்து வாசிக்காதே, குதிகாலைப் பார்த்து வாசி என்பார் தாத்தா. முகத்தில் அருள் மட்டும் தெரியும். குதிகாலில் களைப்பு தெரியும். குதிகால் தரையில் முழுவதும் பதிய ஆரம்பித்தால் நடையை மாற்ற வேண்டும். அருள் வரவைக்கும் மருளடியில் ஏற்றுவதைப் பல இளைஞர்கள் நன்றாகச் செய்கிறார்கள். மேலே போன பிறகு, திருநீறு பூசி அலகைக் கழற்றும்வரை, அடியை மெல்ல மெல்லத் தணித்து அந்த மனிதரைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் சட்டென்று நிறுத்திவிட்டு அடுத்த காவடிக்கு ஓடும் குழுக்களைப் பார்த்தால் தாத்தாவுக்குக் கோபம் வரும். எனக்கும் வரும்.

ஆனால் அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு, உறுமி மேளமே வெறும் இரைச்சல், அடாவடிப் பையன்களின் கூத்து என்று பேசுபவர்களோடு நான் சேர மாட்டேன். இந்த நாட்டில் தமிழ்ப் பிள்ளைகள் தாங்களே கூடி, தாங்களே காசு போட்டு, தாங்களே தோல் கட்டி, அரங்கமும் மானியமும் இல்லாமல் வளர்த்த இசை இது. அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்தத்தில் நின்று பழகினார்கள், அண்டை வீட்டார் போலீசைக் கூப்பிட்டால் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நம் கோவில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டையும் இலங்கையையும் நம்பியிருக்கின்றன. உறுமிக்கு யாரையும் வரவழைக்க வேண்டியதில்லை. தணிக்கத் தெரியவில்லை என்றால் சொல்லிக்கொடுக்க வேண்டியது பெரியவர்களின் கடமை. தாத்தா சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பழகியவர்களில் இப்போது பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பம்பையில் இரண்டு உருளைகளையும் ஒரே நேரத்தில் அவர்கள் வாசிக்கும் தெளிவு பல பையன்களிடம் இல்லை.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கோவில்களும் மண்டபங்களும் அடைபட்டன. மறு ஆண்டு தைப்பூசத்தில் காவடிக்கு அனுமதி இல்லை. மேளம் வாசித்து வாழ்ந்த குடும்பங்கள் அந்தக் காலத்தைக் கடந்த விதத்தை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். தாத்தாவை வாட்டியது வேறு ஒன்று. மேளமே இல்லாமல் இறுதிச் சடங்குகள் நடந்தன. ‘செத்தவருக்குச் சொல்லாமலே அனுப்புகிறார்கள்’ என்றார்.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதைக் கைப்பேசியில் அவருக்குக் காட்டினேன். பறை இசைக்காக ஒரு நாட்டின் அரசு ஒருவரைக் கூப்பிட்டு விருது கொடுக்கிறது. படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, விருதைப் பார்க்காமல், அந்த மனிதர் குச்சியைப் பிடித்திருக்கும் படம் இருக்கிறதா என்று கேட்டார். தேடிக் காட்டினேன். ‘பிடி சரியாக இருக்கிறது’ என்றார். அவருக்கு அது விருதைவிடப் பெரிய செய்தி.

இப்போது நானும் அவரிடம் பழகியவர்கள் சிலரும் சேர்ந்து, அவர் நினைவில் இருக்கும் அடிகளை ஒவ்வொன்றாக ஒலிப்பதிவு செய்து வருகிறோம். சாமிச்சாட்டு, வாழ்த்தடி, மருளடி, அம்மன் கரகத்துக்கு உடுக்கை, காவடிக்கு உறுமியும் பம்பையும் எல்லாம் முடிந்துவிட்டன. அடியை வாயால் சொல்லிக் காட்டிவிட்டுப் பிறகு கையால் வாசிப்பார். இரண்டையும் பதிகிறோம், ஏனென்றால் கை தளரும் இடத்தில் வாய் சரியாகச் சொல்லிவிடுகிறது. சாவு அடிகள் மட்டும் மிச்சம். அவற்றைத்தான் முதலில் பதிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் முழு வரிசையும் தெரிந்தவர் அவரைத் தவிர வேறு யாரும் எங்களுக்குத் தெரிந்து இல்லை. ஆனால் வீட்டுக்குள் அதை அடிக்கக்கூடாது என்று சின்னப் பாட்டி உறுதியாகச் சொல்லிவிட்டார். பதிவுக்கூடத்தில் ஏற்பாடு செய்கிறோம் என்றோம். தாத்தாவுக்கு அதில் சம்மதம் இல்லை. வாசல் அடி நின்ற இடத்தில் அடிப்பது, வழியடி நடந்துகொண்டே அடிப்பது, இரண்டையும் நாற்காலியில் உட்கார்ந்து அடித்தால் கணக்கு மாறிவிடும் என்கிறார். அதனால் பத்து கவான் பக்கம் வீடுகள் இல்லாத ஒரு திடல் பார்த்திருக்கிறோம். மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதாகத் திட்டம். காய்ந்த ஓலை கிடைக்குமா என்று தினமும் போன் செய்து கேட்கிறார்.